பாலாற்றங்கரையில் நிலைத்த வளர்ச்சி: ஊராட்சியும் மாநகராட்சியும் தொழில்களும் சேர்ந்து செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வட ஆற்காட்டுத் தோல் தொழிற்சாலைகள் சுத்திகரிக்காத கழிவுநீரை ஆற்றிலும் வயலிலும் விட்டதால் கிணறுகள் கெட்டன. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஒரு பகுதியோ பயிருக்கு ஆகாமல் போனதாகத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. நிலைத்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசுபடுத்தியவரே செலவை ஏற்பது ஆகிய மூன்றும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது அந்த வழக்கில்தான். இன்று நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பு நம் ஊர்க் கிணறுகள் கெட்டதால் பிறந்தது.

2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றியே தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு முழு இழப்பீடு கொடுத்து அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவு வந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் இருபத்தெட்டு ஆண்டுகள். அந்தக் காலத்தில் திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. திறப்பு விழா முடிந்த பிறகு யார் பராமரிப்பது, யார் யாருக்குக் கணக்குக் காட்டுவது என்று எழுதி வைக்கும் பழக்கம்தான் நம்மிடம் வரவில்லை. கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அந்தக் கேள்வியை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஊராட்சித் தலைவர், வார்டு கவுன்சிலர், தொழிற்சாலை நடத்துபவர், லாட்ஜ் வைத்திருப்பவர், மகளிர் குழு என யார் படித்தாலும் தனக்குரிய வேலையை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: எது யார் கையில் இருக்கிறது?

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூருக்குப் போயின, ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் தனி மாவட்டத்தில் சேர்ந்தன, பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரில் நின்றன. ஆறு ஒன்று, ஆட்சியர் அலுவலகம் மூன்று. மேலே இருக்கிற ஊரில் விடும் கழிவு கீழே இருக்கிற ஊரின் கிணற்றுக்கு வரும்போது புகார் எந்த அலுவலகத்துக்குப் போவது என்ற குழப்பம் நிஜமானது. ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் எழுதிக்கொள்வது.

ஏரி என்றால் ஆயக்கட்டைப் பாருங்கள். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் கீழ் உள்ளது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தொழிற்சாலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கீழ் வரும். குப்பை, தெருவிளக்கு, வடிகால், கட்டட அனுமதி ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்பு. நிலத்தின் எல்லைக்கு வட்டாட்சியர் அலுவலகம். ஏரி தூர்வாரப் போய், நடுவில் நில அளவை இல்லாமல் வேலை நின்றுபோவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. புல வரைபடத்தைக் கையில் வாங்கி, ஏரிக்கு நீர் வரும் வரத்துக் கால்வாயையும், மிகுந்த நீர் வழியும் கலங்கலையும் நேரில் நடந்து பார்த்து, சர்வேயரை வைத்து எல்லைக்கல் ஊன்றிய பிறகே நன்கொடை தரும் கம்பெனியிடம் பேசப் போங்கள்.

இரண்டாம் படி: ஊரின் தண்ணீர்க் கணக்கு

வேலூர் வறண்ட ஊர் என்று நாமே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் வரும், நிற்பதில்லை. மணலை அள்ளிவிட்ட ஆற்றில் அது ஊறவும் வழி குறைவு. ஆகவே கணக்கு மழையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊரில் இருக்கும் பொதுக் கிணறுகள், ஆழ்துளைக் கிணறுகள் எல்லாவற்றுக்கும் எண் போடுங்கள். மே மாதக் கடைசியில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். கூடவே உப்பையும் பாருங்கள். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. தோல் தொழிற்சாலை இருக்கும் பக்கத்து ஊர்களில் டி.டி.எஸ். மட்டும் போதாது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் இருக்கிறதா என்று குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதன் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

இந்தப் பதிவேட்டை ஊராட்சி மட்டும் எழுதினால் தொழிற்சாலை ஒத்துக்கொள்ளாது. தொழிற்சாலை மட்டும் எழுதினால் ஊர் நம்பாது. இரு பக்கத்து ஆளும் கூட நின்று, ஒரே நாளில், ஒரே கிணற்றில் மாதிரி எடுத்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. சண்டையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: ஊற வைக்கும் வேலை

இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். கணியம்பாடிப் பக்கம் ஓடும் நாகநதி பல ஆண்டுகள் மணல் தெரியக் காய்ந்து கிடந்தது. 2014-லிருந்து வாழும் கலை அமைப்பும் உள்ளாட்சிகளும் சேர்ந்து, நூறு நாள் வேலைத் திட்டத்தின் வழியாகச் சுமார் 20,000 பெண்களின் உழைப்பில் மறுஊட்டல் கிணறுகளையும் கல் தடுப்புகளையும் கட்டின. திட்டம் வகுத்தவர்கள் பெயர் செய்தியில் வந்தது. வெயிலில் உறை இறக்கிய கைகள் நம் ஊர்ப் பெண்களுடையவை.

வேலை எப்படி என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஓடை சரிந்து வரும் இடத்தில் முதலில் கருங்கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கித் தடுப்புப் போடுவார்கள். நீரை நிறுத்துவது அதன் வேலை இல்லை. வேகத்தைத் தணித்து மண்ணைப் பின்னால் படியவைக்கும். அதற்குக் கீழே, நீர் தேங்கும் இடமாகப் பார்த்துக் குழி தோண்டி, துளையிட்ட சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். உறையைச் சுற்றி ஜல்லி. மழைநீர் கல்லில் தணிந்து, ஜல்லியில் வடிந்து, உறைக்குள் இறங்கி அடிமண்ணுக்குப் போகும். மேல்மண் இறுகிப்போன நிலத்தில் தண்ணீர் மேலேயே ஓடிவிடாமல் இது வழி திறந்துவிடுகிறது.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்றே ஒன்று: வண்டல். இரண்டு மழைக்குப் பிறகு ஜல்லி முழுக்க வண்டல் அடைத்துக்கொண்டால் கிணறு வெறும் உறைதான். ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணியில், மேல் அடுக்கு ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். ஒரு தொழிற்சாலையோ கல்லூரியோ ஐம்பது புதுக் கிணறு கட்டித் தருகிறேன் என்று வந்தால், நான் தலைவராக இருந்தால், முப்பது போதும் ஐயா, மீதிப் பணத்தை ஐந்து வருடப் பராமரிப்புக்கு வங்கியில் போடுங்கள் என்றுதான் கேட்பேன்.

ஏரிகளுக்கும் இதே பேச்சு. கரையைப் பூங்காவாக்குவது கண்ணுக்குத் தெரியும் வேலை, அதனால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். தண்ணீர் வருவதற்கு வரத்துக் கால்வாய் வேண்டும். காட்பாடியில் கழிஞ்சூர், தாராபடவேடு ஏரிகள் போல நகரம் சூழ்ந்துவிட்ட ஏரிகளில் முதல் செலவு கால்வாய்க்கும், உள்ளே கலக்கும் சாக்கடையைத் திருப்பிவிடுவதற்கும் போக வேண்டும். நடைபாதை அதற்குப் பிறகு. வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுத்துக்கொள்ள 2024-லிருந்து வழி எளிதாக்கப்பட்டிருக்கிறது. தூர்வாரும் செலவில் ஒரு பங்கை அது குறைக்கும்.

நான்காம் படி: தொழிற்சாலை தன் வாசலுக்குள் செய்ய வேண்டியது

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிப்பது சமூக சேவை கிடையாது, சட்டக் கடமை. அதைச் செய்யாமல் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச் வாங்கித் தரும் நிறுவனத்திடம் ஊராட்சி பெஞ்சை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளக் கூடாது.

தோல் தொழிலையே குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டை வரை எத்தனை வீட்டு அடுப்பு அதில் எரிகிறது என்று இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தொழில், வேகத்துக்காகக் குரோமியத்துக்கு மாறியபோது கழிவின் குணமும் மாறியது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், கழிவுநீர் வெளியே போகாமல் முழுவதையும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறையும் வந்துவிட்டன. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் சுமையை உள்ளேயே குறைப்பதுதான் மலிவான வழி, சிறு தொழிற்சாலையாலும் முடியும்.

உப்பிட்ட தோல் வந்ததும் நேராக ஊறவைக்காமல், விரித்துத் தட்டி ஒட்டியிருக்கும் உப்பை உதிர்த்து எடுங்கள். கையால் தட்டினாலும் சரி, உருளையில் போட்டுச் சுழற்றினாலும் சரி. ஊறல் நீரில் கரையும் முன் உதிர்த்து எடுக்கும் ஒவ்வொரு கிலோ உப்பும், பிறகு கழிவுநீரைக் காய்ச்சி எடுக்க வேண்டிய உப்பில் ஒரு கிலோ குறைவு. குரோம் பதனிட்ட நீரைத் தனி வாய்க்காலில் பிரியுங்கள். அதில் மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் அடியில் படியும், அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து அடுத்த தோலுக்கே பயன்படுத்தலாம். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கெல்லாம் வழிகாட்டுகிறது.

சுத்திகரித்த பிறகு மிஞ்சும் சேற்றுக் கழிவை மறந்துவிடக் கூடாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். நிலைத்த வளர்ச்சிக்கான எந்தத் திட்டத்திலும் முதல் வரி, வேலை செய்பவர் உயிரோடு வீடு திரும்புவது. தொட்டியின் கொள்ளளவு, இன்றைய மட்டம், கடைசியாக எப்போது அகற்றப்பட்டது என்ற மூன்றையும் வாசலில் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டுக் கேட்டால் நல்ல நிர்வாகம் மறுக்காது.

குடியாத்தத்தில் தீப்பெட்டியும் தறியும் நடத்துபவர்களுக்கு இவ்வளவு பெரிய வேலை இல்லை. சாயப்பட்டறை இருந்தால் சாய நீர், இல்லாவிட்டால் கூரை மழைநீர், காற்றோட்டம், தண்ணீர்ப் பானை, கழிப்பறை. மே மாத வெயிலில் தகரக் கூரையின் கீழ் உட்காரும் பெண்களுக்குக் கூரைமேல் வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுப்பதும் வளர்ச்சிதான்.

ஐந்தாம் படி: குப்பை பிறக்கும் இடத்திலேயே பிரியட்டும்

வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகள். சதுப்பேரி ஏரிப் பக்கம் ஆண்டுக்கணக்கில் குப்பை கொட்டியதன் விளைவை அந்தப் பக்கம் பேருந்தில் போனவர்களும் அறிவார்கள். அதே வேலூர்தான், குப்பையைப் பிரித்தால் காசு என்று நாட்டுக்குக் காட்டிய ஊரும். வேலூர் சீனிவாசன் என்று அறியப்படும் சி. சீனிவாசனின் முறையில், வீடு வீடாக ஒரு நாளில் இருமுறை போய், அழுகுவதற்கு முன்னாலேயே மக்கும் குப்பையை எடுப்பார்கள். காய்கறிக் கழிவு மாட்டுக்குப் போகும், சாணம் எரிவாயுவுக்குப் போகும், மீதி உரமாகும். உலர் குப்பை வகை வகையாகப் பிரிந்து விற்பனைக்குப் போகும். அவர் அழுத்திச் சொல்வது வேகத்தைத்தான்: நாற்றம் வந்துவிட்டால் அது குப்பை, வருவதற்கு முன்பு அது பொருள்.

மாநகராட்சி முதலில் எல்லா வீட்டையும் பிடிக்கப் பார்த்துத் தோற்கிறது. பெரிய வாசல்களிலிருந்து தொடங்கலாம். ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடம் தானே அதைக் கையாள வேண்டும் என்பது விதி. நம் ஊரில் அவை எவை? கல்யாண மண்டபங்கள், கல்லூரி விடுதிகள், மருத்துவமனைகள், நேதாஜி மார்க்கெட், ஓட்டல்கள். மார்க்கெட்டில் விடியற்காலையில் சிந்தும் கோஸ் இலையும் தக்காளியும் பத்து மணிக்குள் வண்டி ஏறிவிட வேண்டும்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளியோடு வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் அங்கே தங்கி, அறையிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆகவே லாட்ஜ் குப்பை அசல் வீட்டுக் குப்பை: மீன் செதில், காய்த் தோல், சாதம். மாடிக்கு மாடி இரண்டு கூடை, வங்காளியிலும் இந்தியிலும் தமிழிலும் எழுதிய ஒரு அட்டை, வண்டி வரும் நேரம், இவ்வளவுதான் தேவை. சிகிச்சைக்கு வந்த இடத்தில் கவலையோடு இருப்பவர்களிடம் அபராதம் பேச வேண்டியதில்லை. லாட்ஜ் உரிமையாளரிடம் பேசுங்கள், தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது கூடை இருக்கிறதா என்று பாருங்கள்.

மண்டபங்களில் வாழை இலை போடும் வரை பிரச்சினை இல்லை. சிறு தண்ணீர் பாட்டிலும் பிளாஸ்டிக் பூச்சுப் பேப்பர் கப்பும்தான் சிக்கல். அந்தக் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைப் பட்டியலில் இருக்கிறது. சில்வர் டம்ளர்களை ஒரு மகளிர் சுய உதவிக் குழு வாங்கி, கழுவி, மண்டபங்களுக்கு வாடகைக்கு விடலாம். வணிகர் சங்கம் முதல் தொகுப்பை வாங்கிக் கொடுத்தால் குழுவுக்கு வேலை, ஊருக்குக் குப்பை மிச்சம்.

ஆறாம் படி: பணம்

தொழில் வரியிலிருந்து ஆரம்பிக்கலாம், அது உள்ளாட்சிக்கே வரும் பணம். ஒரு ஊழியருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய் என்ற வரம்புக்குள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலாகிறது. ஊராட்சி எல்லைக்குள் தொழிற்சாலை இருந்தும் இதைச் சரியாகக் கேட்டு வாங்காத ஊராட்சிகள் உண்டு. நன்கொடை கேட்கப் போவதற்கு முன்பு, வர வேண்டிய வரியைக் கேளுங்கள்.

அடுத்து நமக்கு நாமே திட்டம். பொதுவாக மக்களோ நிறுவனமோ மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பெரிய கம்பெனி இல்லாத ஊருக்கு இதுதான் சரியான கதவு. கடைத்தெரு வியாபாரிகள் சேர்ந்துகூடப் போடலாம்.

பெரிய நிறுவனங்களுக்கு 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவு இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். கம்பெனிக்கு எழுதும்போது ‘ஊர் வளர்ச்சிக்கு உதவுங்கள்’ என்று எழுதினால் பதில் வராது. எந்தக் கால்வாய், எத்தனை மீட்டர், மதிப்பீடு எவ்வளவு, யார் பராமரிப்பார்கள் என்று கிராம சபைத் தீர்மான நகலோடு அனுப்புங்கள். நிதியாண்டு முடியும் மார்ச்சில் போகாமல், அவர்கள் திட்டமிடும் ஏப்ரல், மே மாதங்களிலேயே போங்கள்.

ஏழாம் படி: ஒப்பந்தம் எழுதுங்கள்

இரண்டு பக்கம் போதும். சொத்து யாருடையது, எத்தனை ஆண்டு யார் பராமரிப்பது, அதற்கு எந்தக் கணக்கில் எவ்வளவு பணம், பழுது வந்தால் எத்தனை நாளில் சரிசெய்வது, அலுவலரோ மேலாளரோ மாறினால் பொறுப்பு யாருக்குப் போகும். கடைசிக் கேள்விதான் இங்கே உயிர். நல்ல ஆணையர் மாற்றலாகிப் போனதும் நல்ல திட்டமும் கூடவே போய்விடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே ஒப்பந்தத்தில் ஆள் பெயர் வேண்டாம், பதவியின் பெயர் இருக்கட்டும். பெயர்ப் பலகை வைக்கலாம், ஆனால் கொடுத்தவர் பெயருக்குக் கீழே பராமரிப்பவரின் தொலைபேசி எண்ணும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

வாங்குவதும் மின்சாரமும்

இவை எளியவை, சுருக்கமாகச் சொல்கிறேன். இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அணைக்கட்டுப் பக்கத்து விவசாயியிடமிருந்து அதை விடுதிகளும் ஓட்டல்களும் விளைச்சல் காலத்துக்கு முன்பே விலை பேசி வாங்கினால், குறியீடு காகிதத்தில் நிற்காமல் வயலுக்கு வரும். மாநகராட்சிப் பூங்காக்களும் கல்லூரி வளாகங்களும் வார்டுகளில் தயாராகும் உரத்தை வாங்கட்டும், வாங்க ஆளில்லாமல்தான் பல உரக்கூடங்கள் சோர்ந்துபோகின்றன. பள்ளி, ஊராட்சி அலுவலகம், தண்ணீர்த் தொட்டி மோட்டார் ஆகியவற்றுக்குக் கூரை சூரிய மின்தகடு போடலாம். வேலூரில் வெயிலுக்குக் குறைவில்லை. தூசி துடைக்க ஒரு ஆளுக்கு மாதக்கூலி ஒதுக்கிவிட்டுப் போடுங்கள்.

எட்டாம் படி: கணக்கைக் கிராம சபையில் வைப்பது

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதை வைத்தே ஆண்டு அட்டவணை போடலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்று ஜனவரியில் அளந்த கிணற்றுக் கணக்கைப் படியுங்கள். மே 1 அன்று தொழிற்சாலை நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் அழைத்து, பாதுகாப்பையும் கழிவுத் தொட்டியையும் பேசுங்கள். ஆகஸ்ட் 15 அன்று கால்வாய், உறைக் கிணறு சுத்தம் செய்யும் வேலைக்குத் தேதி குறியுங்கள். வடகிழக்கு மழைக்கு முன்னால் அது முடிந்தாக வேண்டும். அக்டோபர் 2 அன்று வரவு செலவு, கம்பெனி தந்த பணம் உட்பட. நகரத்தில் வார்டு குழு, பகுதி சபைக் கூட்டங்களில் இதையே செய்யலாம்.

கூட்டத்தில் பெண்கள் பேச இடம் விடுங்கள். குடத்தோடு வரிசையில் நிற்பவருக்குத்தான் எந்தக் குழாயில் எந்த நாள் உப்புத் தண்ணீர் வருகிறது என்பது தெரியும், அதைப் பதிவேட்டில் ஏற்றினால் ஆய்வக அறிக்கைக்கு முன்னாலேயே எச்சரிக்கை கிடைத்துவிடும். படித்த கணக்கை அன்றே ஊராட்சிச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாகப் பழைய தாளைக் கையில் எடுத்து, சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, நடக்காததற்கு யார் பொறுப்பு என்று வரிசையாகக் கேளுங்கள். பதில் இல்லாத வரிகளை அப்படியே ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கும் தீர்மானமாக அனுப்பி, அதன் நகலைப் பதிவேட்டிலேயே தைத்து வையுங்கள்.